சாயங்காலம் தொடங்கும் வாடகைக் கடை

கேமரா வாடகைக்கு விடும் கடைகளில் 'ஒரு நாள்' என்றால் காலை 10 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை. கல்யாண வீடுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. என்னைப் போல ராத்திரியில் மட்டும் படம் எடுக்கிற ஆட்களுக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் முடிந்து, தம்பியைக் கிளப்பி, ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், தவளக்குப்பம் என்று பைக்கில் பாண்டி போய்ச் சேர ஏழு மணி ஆகிவிடும். அதுவரை லென்ஸ் கடை அலமாரியிலேயே தூங்கியிருக்கும், வாடகை மட்டும் காலையிலிருந்து ஓடியிருக்கும். முதலில் நான் போய்க்கொண்டிருந்த கடையில் இதைச் சொல்லி விலை குறைக்கக் கேட்டேன். "ராத்திரியில என்னம்மா தெரியும்?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். அதோடு அந்தக் கடையை விட்டேன்.

இப்போது போகிற கடை நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. எழுதப்போகிறேன் என்று சொன்னதற்குக் கடைக்கார ஐயாவே "பேரு வேணாம்மா, சனிக்கிழமையில ஏற்கெனவே தாங்க முடியல" என்று கேட்டுக்கொண்டார். கீழே டீக்கடையில் 'கேமரா ரிப்பேர்' என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள். படி செங்குத்து. இறங்கும்போது பையைத் தோளில் போடாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடையில் பகல் வாடகை, ராத்திரி வாடகை என்று இரண்டு நோட்டு உண்டு. ராத்திரி நோட்டில் எழுதினால் மாலை 5:30-க்கு மேல் எடுத்து மறுநாள் காலை 9:30-க்குள் திருப்பித் தர வேண்டும். 35 எம்.எம். எஃப் 1.4 லென்ஸுக்கு முழு நாள் 700 ரூபாய், ராத்திரிக்கு 400. (எஃப் என்பது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது.) முன்பணம் 3,000. ஆதார் அட்டை ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. நகல் போதாதா என்று இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, "உன்ன நம்புறோம்மா, அட்டையத்தான் நம்பல" என்று சிரித்துக்கொண்டே அதை டப்பாவில் போட்டுவிடுகிறார். அந்த வாக்கியத்துக்கு இன்னும் எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

பணம் கட்டியதும் ஐயா லென்ஸைக் கையில் கொடுத்துவிட மாட்டார். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச்சை அடிப்பார். நாம் முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே தூசி இருந்தால் புள்ளி புள்ளியாக மினுங்கும். பூஞ்சை பிடித்திருந்தால் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நூல் நூலாக, ஒட்டடை மாதிரிக் கிளம்பி வரும். நான் பார்த்தபோது ஏழு புள்ளி தூசி, நூல் ஒன்றும் இல்லை. '7 தூ, பூ இல்லை' என்று நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். காலையில் திருப்பிக் கொடுக்கும்போதும் இதே டார்ச், இதே எண்ணிக்கை. இரண்டு தடவையும் சேர்த்துப் பத்து நிமிஷம் போகும், அவசரப்படுத்தாதீர்கள். கடற்கரை ஊரில் ஈரப்பதம் லென்ஸை எப்படித் தின்னும் என்று எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அலமாரியில் தோல் பையோடு வைத்த என் பழைய 50 எம்.எம். ஒரே மழைக்காலத்தில் போய்விட்டது. இவர் எல்லாவற்றையும் ஏ.சி. அறையில், ஈரப்பதம் 45 சதவீதம் காட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஏ.சி.யில் இருந்த லென்ஸ் சில்லென்று இருக்கும். வெளியே பாண்டியின் சாயங்காலக் காற்று பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பையைத் திறந்த அடுத்த நொடி, ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளருக்கு வியர்ப்பது போலக் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். "கால் மணி நேரம் பைய திறக்காத" என்று ஐயா சொல்லித்தான் அனுப்பினார். நான் கேட்கவில்லை. காந்தி சிலைக்கு எதிரே நின்று, வானம் கருநீலமாக இருக்கிற அந்த இருபது நிமிஷம் போய்விடப் போகிறதே என்ற அவசரத்தில் லென்ஸை மாட்டினேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் வெறும் பால். துடைத்தேன், மறுபடி பால். கடைசியில் தம்பி வாங்கி வந்த சுண்டல் தீர்ந்தபோதுதான் கண்ணாடியும் தெளிந்தது, வானமும் கறுத்திருந்தது. அதிலிருந்து பையை மூடியபடியே அந்தச் சந்துக்குள் சுற்றி நடந்துதான் கடற்கரைக்குப் போகிறேன்.

சரி, 400 ரூபாய்க்கு அந்த லென்ஸ் என்ன செய்தது? என் சொந்த லென்ஸ் கேமராவோடு வந்த 18-55 எம்.எம். ஜூம். அதை 35-ல் வைத்தால் துவாரம் எஃப் 4.5-க்கு மேல் திறக்காது. எஃப் 1.4 அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. டுமாஸ் வீதியில் ஒரு வாசல் விளக்கின் கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவை, என் லென்ஸில் 1/15 விநாடி, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) 6400 வைத்து எடுத்திருப்பேன். கை நடுங்கும், படம் மணல் கொட்டியது போல இருக்கும். வாடகை லென்ஸில் 1/60, ஐ.எஸ்.ஓ. 2500. நார் முறுக்கும் விரல் படத்தில் கலங்காமல் நின்றது. (முதலில் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். "விளக்கு போடட்டுமா?" என்று எழுந்தார். வேண்டாம், இந்த வெளிச்சம்தான் வேண்டும் என்று உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

ஆனால் எஃப் 1.4 ஒரு பொல்லாத குழந்தை. இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. பூக்கட்டும் விரல் தெளிவாக இருந்த படத்தில் முகம் கரைந்திருந்தது, முகம் விழுந்த படத்தில் விரல் இல்லை. இருபத்திரண்டு படத்தில் தேறியது மூன்று. ஓரங்களில் தெருவிளக்கு வந்தால் அதற்கு இறக்கை முளைத்து, பறக்கும் காக்கை மாதிரி ஆகிவிடுகிறது. எஃப் 2.8-க்கு மூடினால் காக்கை உட்கார்ந்துவிடும். இதையெல்லாம் வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் கடையில் விலைக்கு வாங்கியிருந்தால் நொந்திருப்பேன்.

கடற்கரைச் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை என்பதால் ராத்திரி ஆட்களுக்கு அது சொர்க்கம். நடுரோட்டில் ட்ரைபாடை விரித்து வைக்கலாம். அங்கே எஃப் 11-க்கு மூடி வரிசை விளக்குகளை எடுத்தேன். ஒவ்வொரு விளக்கிலும் நட்சத்திரக் கதிர் பூத்தது. திருப்பிக் கொடுக்கும்போது ஐயா படத்தைப் பெரிதாக்கி, "எண்ணு" என்றார். பதினெட்டு. "பிளேடு ஒம்பது. ஒத்தப்படையா இருந்தா கதிர் ரெண்டு மடங்கு, ரெட்டப்படையா இருந்தா அதே எண்ணிக்கை" என்று நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். பிளேடு என்பது துவாரத்தைச் சுற்றி நின்று அதை மூடித் திறக்கும் தகடு. ஒவ்வொரு பிளேடின் விளிம்பும் எதிரெதிராக இரண்டு கதிர் வீசும். எட்டு பிளேடு என்றால் எதிர் விளிம்பின் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எட்டாகவே நின்றுவிடும். இவ்வளவு நாளும் இது ஏதோ விளக்கின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் பெரிய சண்டைக்கு வருகிறேன். கடையின் விதி, வாடகை லென்ஸில் முன்னால் மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டரைக் கழற்றக் கூடாது. கடல் உப்பும் மணலும் கண்ணாடியில் படக் கூடாது என்ற கவலை. நியாயம்தான். பகலில் அந்த ஃபில்டர் இருப்பதே தெரியாது. ராத்திரியில் அது பேய் காட்டுகிறது. பிரகாசமான விளக்கு ஒன்று சட்டகத்தில் இருந்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தட்டையான அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வந்து, படத்தின் எதிர்மூலையில் பச்சையாக இன்னொரு விளக்காக நிற்கும். பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை எடுத்த நல்ல படம் ஒன்று, வானத்தில் நாலு பச்சைப் பொட்டோடு வீணானது. இதைப் படத்தோடு காட்டினேன். ஐயா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் பெயருக்கு எதிரே மட்டும் 'ஃபி. கழற்றலாம்' என்று எழுதினார். புதிதாகப் போகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்குமா, தெரியாது. கேட்டுப் பாருங்கள், பச்சைப் பொட்டு விழுந்த படத்தோடு போங்கள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அங்கே வந்து நிற்பவர்களைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். ஒருவர் பகலெல்லாம் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி இல்லாத ராத்திரியில், மூடிய கடைகளின் ஷட்டர்களை மட்டும் எடுக்கிறார். காரைக்காலிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன், மீன்பிடிப் படகுகள் விடியலுக்கு முன்னால் கிளம்பும்போது அதன் விளக்கு தண்ணீரில் இழுக்கும் கோட்டுக்காகவே வருகிறான். சென்னையிலிருந்து வருபவர்கள் நட்சத்திரம் கேட்பார்கள். பாண்டியில் நட்சத்திரமா, ஊர் வெளிச்சத்தில் பத்து தெரிந்தால் அதிகம் என்று ஐயா அவர்களைத் திருப்பிவிடுவார், அல்லது கடலைப் பார்த்து நில் என்பார். இவர்கள் யாரும் ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ட்ரைபாடைச் சுவரில் சாய்த்துவிட்டுச் செல்போனில் நிலா எழும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பேசுவது ஐயாதான். அவருடைய அப்பா சொல்தா. பாண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அப்பா அங்கிருந்து கொண்டுவந்த மடிப்புக் கேமராவில்தான் இவர் பழகியிருக்கிறார். பிரஸ்ஸாய் கதையும் அவரிடம் கேட்டதுதான். 1899-ல் பிரஸ்ஸோ என்ற ஊரில் பிறந்து, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு, 1930-களில் பாரிஸ் தெருக்களை ராத்திரியில் எடுத்தவர். மூடியைத் திறந்து வைத்துவிட்டு சிகரெட் பற்றவைப்பாராம். ஓரளவு வெளிச்சம் என்றால் ஒரு கோலுவாஸ் சிகரெட் தீரும்வரை, இருட்டு அதிகம் என்றால் தடிமனான பொயார். "நான் பீடி. அதுவும் காத்தடிச்சா சீக்கிரம் தீந்துடும், படம் இருட்டா போயிடும்" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள், ஆட்டோக்காரரைத் தவிர. அவர் நிஜமாகவே எத்தனை நிமிஷம் என்று கேட்டார்.

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. 2022 மார்ச்சில் இடிந்து விழுந்த துறைமுகப் பாலம், ஃபிலிமில் எடுத்தது. கடல் பனிமூட்டம் போல, தூண்கள் மட்டும் கன்னங்கரேலென்று. ஃபிலிமுக்கு நேரம் போகப் போகச் சோம்பல் வந்துவிடும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் 10 விநாடி காட்டினால் பல ஃபிலிம்களுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் படத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு "ஒன்ற பீடி" என்றார்.

நான் ஏன் ராத்திரி ஆளானேன் என்று தம்பி அடிக்கடி கேட்பான், தூக்கம் கெடுவது அவனுக்குத்தானே. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் பக்கம் கரையேறியது. கடலூரில் முருங்கையிலிருந்து முந்திரி வரை நின்ற மரம் குறைவு, கரண்ட் கம்பம் அதைவிடக் குறைவு. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரும்போது பொங்கல் முடிந்திருந்தது. அந்த நாட்களில் ஒரு ராத்திரி மொட்டை மாடிக்குத் தண்ணீர்க் குடம் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சக்குப்பத்துக்கு மேலே அவ்வளவு நட்சத்திரம் இருந்ததே எனக்குத் தெரியாது. மூன்று நட்சத்திரம் வரிசையாக, நேர் மேலே. அப்போது கையில் இருந்த போனில் எடுத்தேன். கறுப்புதான் விழுந்தது. அந்தக் கறுப்புப் படத்தை நான் அழிக்கவில்லை, அந்த போனே அப்புறம் செத்துப்போனது.

குறை பாக்கி இருக்கிறது. ட்ரைபாடை இங்கே வாடகைக்கு எடுக்காதீர்கள். எனக்குக் கொடுத்ததில் ஒரு காலின் பூட்டு வழுக்கியது. கறுப்புப் பாறைகள் மேல் 30 விநாடி திறந்துவைத்தால் அலை பஞ்சாக விழும் என்று ஆசையாக வைத்தேன். பத்தாவது விநாடியில் கால் அரை அங்குலம் இறங்கி, படத்தில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு தம்பி பிறந்திருந்தான். திறந்து பார்த்தால் கால் குழாய்க்குள் மணல். கேமராவை மாட்டும் தட்டும் வேறு செட்டினுடையது. லென்ஸைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறவர் ட்ரைபாடை விறகு மாதிரிப் போட்டுவைத்திருக்கிறார். இப்போது என்னுடையதை எடுத்துப் போகிறேன், வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கிறேன்.

இன்னொன்று, பாட்டரி. கேமராவும் சேர்த்து எடுத்தால் ஒரே ஒரு பாட்டரிதான் தருகிறார்கள். நீண்ட நேரம் திறந்துவைக்கும் படங்கள் அதை மடமடவென்று குடித்துவிடும். ஒரு தடவை 11 மணிக்கு உயிரை விட்டது. கடைக்கு போன் போட்டேன். ராத்திரிக்கு வாடகை விடுகிற ஐயா ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பெண்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கடற்கரைச் சாலையில் நள்ளிரவு வரை ஆள் நடமாட்டம் இருக்கும், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்களும் சுற்றுவார்கள். ஒருவர் வந்து என்ன செய்கிறாய் என்று விசாரித்து, கடைசியில் வியூஃபைண்டரில் எட்டிப் பார்த்து, "நம்ம ஊரா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார். உள் வீதிகளில் மணி ஒன்றுக்கு மேல் நாய்கள்தான் ராஜா. தம்பி இல்லாமல் நான் அங்கே போவதில்லை. கடைக்கார அம்மா, பெண்கள் ராத்திரி நோட்டில் எழுதினால் வீட்டு நம்பர் ஒன்றையும் கேட்டு வாங்குகிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. போன மாதம் காலை 9:40 வரை நான் வரவில்லை என்று என் அம்மாவுக்கு போன் போட்டு, லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளை வந்துவிட்டாளா என்று மட்டும் கேட்டிருக்கிறார். நான் அப்போது டீக்கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. பௌர்ணமிக்கு முந்தின இரண்டு நாளும் அன்றைக்கும், ஒரு வாரம் முன்னாலேயே நோட்டில் எழுதிவைக்காவிட்டால் எதுவும் கிடைக்காது. கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கும் ஊர் இது, எல்லோரும் வந்துவிடுவார்கள். அடுத்த பௌர்ணமிக்கு 35 எம்.எம்.முக்கு எதிரே என் பெயர் ஏறியாகிவிட்டது. 85 இன்னும் காலியாக இருக்கிறது, வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.